கூலி பெற்றது குற்றமாம்!

ஓடுகிறவன் முந்தினால் பரிசு, பிந்தினால் இல்லை. பந்தயக் களத்தின் நியதி இதுதான் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். அங்கே குலம் கேட்கமாட்டார்கள், கோத்திரம் கேட்கமாட்டார்கள், மடியில் பணம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். காலின் வேகத்தையும் தோளின் வலிவையும் மட்டுமே கேட்பார்கள் என்று எண்ணியிருக்கிறோம். ஆனால், உலகம் திரண்டு வந்து பார்த்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஒரு வீரர் எப்படி ஓடினார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் எப்படி வயிறு கழுவினார் என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, வென்ற பதக்கங்களையும் பறித்துக்கொண்டார்கள். பறித்ததைச் சரியாகத் திருப்பித் தர 109 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் அந்த வீரர் மண்ணுக்குள் போய் 69 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அந்த வீரர் ஜிம் தோர்ப். விளையாட்டில் நாட்டமுள்ள தோழர்கள் சிலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் வென்றதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதைத்தான் உழைத்துப் பிழைக்கும் நாம் ஊன்றிப் படிக்கவேண்டும்.

1887-ஆம் ஆண்டு, இன்று ஓக்லகோமா என்று வழங்கும் அமெரிக்கப் பகுதியில் அவர் பிறந்தார். செவ்விந்தியர் என்று நாம் வழக்கமாகச் சொல்லிவரும் அமெரிக்கப் பழங்குடி மக்களில், சாக்-ஃபாக்ஸ் என்னும் இனத்தவர் அவர். சொந்த மண்ணிலிருந்து விரட்டி விரட்டி, மேற்கே மேற்கே என்று தள்ளிக்கொண்டு வந்து, அந்தப் பகுதியில்தான் பல இனத்தவரையும் அடைத்துவைத்திருந்தது அமெரிக்க அரசு. அந்த இடமாவது நிலைத்ததா? இல்லை. 1891-இல், சாக்-ஃபாக்ஸ் மக்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என்று அளந்து கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த நிலத்தை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அப்போது ஜிம்முக்கு நான்கு வயது. தன் மக்களின் நிலம் கைமாறிப் போவதைப் புரிந்துகொள்ளக்கூட முடியாத வயது.

அவருடைய இன மொழியில் அவருக்கு வா-தோ-ஹக் என்று பெயர். ஒளி படர்ந்த பாதை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பெயரில் இருந்த ஒளி வாழ்வில் இல்லை. உடன்பிறந்த இரட்டையரான சார்லி ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டு இறந்தான். தாய் பிள்ளைப்பேற்றில் மாண்டார். பிறகு தந்தையும் போனார். பதின்ம வயது முடியுமுன்பே ஜிம் ஆதரவற்ற அநாதை.

அவரை வளர்த்தது பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த கார்லைல் பள்ளி. பள்ளி என்றதும் கருணை நிறைந்த கல்விக்கூடம் என்று எண்ணிவிடவேண்டாம். 1879-இல் ஒரு பட்டாளத்து அதிகாரி பழைய படை முகாம் ஒன்றில் தொடங்கிய பள்ளி அது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தார்கள், தலைமுடியைக் கத்தரித்தார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள், பெயரை மாற்றினார்கள். பாதி நாள் ஏட்டுப் படிப்பு, பாதி நாள் தொழில். கோடை வந்துவிட்டால் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினார்கள். ஜிம்மும் அப்படி அனுப்பப்பட்டார், அற்பக் கூலிக்கு உழைத்தார். அந்தக் கூலியை அவர் வாங்கியபோது எந்தக் கனவானுக்கும் மனம் புண்படவில்லை என்பதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அது பயன்படும்.

கார்லைலில்தான் அவருடைய ஆற்றல் வெளிப்பட்டது. ஓட்டம், தாண்டுதல், எறிதல், கால்பந்து, பேஸ்பால் என்று எதைத் தொட்டாலும் முதல்வர். அமெரிக்கக் கால்பந்தில் கார்லைல் பள்ளியின் அணி பெரிய பல்கலைக்கழகங்களை எதிர்த்து நின்றது. 1911-இல், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஹார்வர்டை 18-க்கு 15 என்ற கணக்கில் வீழ்த்தியது. மறு ஆண்டு, பட்டாளத்து அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் வெஸ்ட் பாயிண்ட் அணியை 27-க்கு 6 என்று தோற்கடித்தது. தோற்ற அணியில் ஆடியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர். எந்தப் படையினர் தம் பாட்டன்மாரைச் சுட்டுத் துரத்தினார்களோ, அந்தப் படையின் வாரிசுகளைப் பந்தைக் கொண்டே வென்று காட்டினார்கள் கார்லைல் பிள்ளைகள்.

இதற்கிடையே ஒன்று நடந்தது. 1909, 1910 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கோடையில், வட கரோலினா மாநிலத்தில் ராக்கி மவுண்ட் என்னும் சிற்றூரில், ஜிம் ஒரு சிறு பேஸ்பால் அணியில் ஆடினார். அதே பள்ளியின் மாணவர் வேறு இருவரும் உடன் சென்றிருந்தனர். ஆடியதற்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். எவ்வளவு? ஓர் ஆட்டத்துக்கு 2 டாலர் என்று ஒரு கணக்கு, வாரத்துக்கு 35 டாலர் வரை என்று இன்னொரு கணக்கு. பண்ணையில் களை பிடுங்கினால் கிடைப்பதைப்போலக் கிடைத்த கூலி அது. கல்லூரி மாணவர்கள் பலரும் அந்நாளில் கோடையில் இப்படி ஆடிச் சம்பாதித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். ஜிம்முக்குச் சூது தெரியவில்லை. சொந்தப் பெயரிலேயே ஆடினார்.

1912-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். ஒரே வீரன் ஐந்து வகைப் போட்டிகளில் இறங்கும் பெண்டாத்லான், பத்து வகைகளில் இறங்கும் டெகாத்லான் என்ற இரண்டிலும் ஜிம் இறங்கினார். ஐந்தில் நீளத்தாண்டுதல், 200 மீட்டர் ஓட்டம், வட்டு எறிதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய நான்கிலும் அவரே முதல்வர். ஈட்டி எறிதலில் மட்டும் பின்தங்கினார். நார்வே வீரர் ஃபெர்டினாண்டு பீ இரண்டாவதாக வந்தார்.

பிறகு மூன்று நாள் நடந்தது டெகாத்லான். ஜிம்மின் காலணிகள் காணாமற்போய்விட, கிடைத்த பொருந்தாத காலணிகளை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார் என்று சொல்வார்கள். இரு கால்களிலும் வெவ்வேறு காலணிகளோடு அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பத்துப் போட்டிகளிலும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தார். அந்நாளைய கணக்குப்படி அவர் பெற்றது 8,412 புள்ளிகள். இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டர் பெற்றது 7,724. கிட்டத்தட்ட 700 புள்ளி இடைவெளி! முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் நடுவே மயிரிழை இல்லை, மலையே கிடந்தது. சுவீடன் மன்னர் குஸ்தாவ் தம் கையால் பரிசளித்து, உலகிலேயே தலைசிறந்த வீரர் என்று பாராட்டினார் என்பார்கள். மன்னரின் வெண்கலச் சிலையும், ரஷ்யச் சக்கரவர்த்தி அளித்த வெள்ளிக் கப்பல் வடிவப் பரிசும் அவருக்குக் கிடைத்தன. நியூயார்க் நகரத் தெருக்களில் ஊர்வலம் வைத்து, காகிதத் துணுக்குகளை மழையாய்ப் பொழிந்து வரவேற்றார்கள்.

அந்த ஊர்வலத்தில் பெருமையோடு கை அசைத்த அரசாங்கம், பழங்குடி மக்கள் அனைவரையும் குடிமக்களாக ஏற்கும் சட்டத்தை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1924-இல்தான் இயற்றியது. வெற்றி வேண்டியிருந்தது, வென்றவனின் இனத்துக்கு உரிமை கொடுக்க மனம் வரவில்லை.

ஊர்வலக் காகிதத்தைக் கூட்டிப் பெருக்கி ஐந்து மாதம் ஆகவில்லை. 1913 ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏடு ஒன்று, ஜிம் தோர்ப் பேஸ்பால் ஆடிக் காசு வாங்கியவர் என்ற செய்தியை வெளியிட்டது. கொலைக் குற்றவாளியைக் கண்டுபிடித்ததுபோலக் கூச்சல் கிளம்பியது.

காசு வாங்கினால் என்ன? நியாயமான கேள்விதான். விடை தெரியவேண்டுமானால் அமெச்சூர் என்ற சொல்லின் பிறப்பைப் பார்க்கவேண்டும். கூலிக்காக அல்லாமல் விருப்பத்துக்காக ஆடுபவர் அமெச்சூர் என்று பொருள் சொல்வார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் மேட்டுக்குடியினர் அந்தச் சொல்லுக்கு எப்படி வேலி கட்டினார்கள் தெரியுமா? ஹென்லி என்னும் ஊரில் நடக்கும் புகழ்பெற்ற படகுப் போட்டிக்கு 1879-இல் விதி வகுத்தார்கள். பந்தயத்தில் பணம் வாங்கியவர் அமெச்சூர் அல்ல என்பதோடு விடவில்லை. கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி எவரும் அமெச்சூர் ஆகமாட்டார் என்று எழுதிவைத்தார்கள். பட்டறையில் சம்மட்டி பிடிப்பவன் தோளில் வலிவு ஏறிவிடும், அது கனவான்களுக்கு அநியாயமாம்! உண்மைக் காரணம், தொழிலாளியோடு ஒரே நீரில் துடுப்புப் போட்டால் தீட்டு என்ற எண்ணம்தான். பிற்காலத்தில் அந்தப் பச்சையான வாசகத்தை நீக்கினார்கள். எண்ணத்தை நீக்கவில்லை. அது ஒலிம்பிக் விதிக்குள் நாகரிக உடை உடுத்திக்கொண்டு நுழைந்தது.

மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் பயிற்சி செய்யலாம், கப்பலேறிப் பல வாரம் வெளிநாடு சென்று வரலாம், ஆனால் அதற்காக ஒரு காசும் வாங்கக்கூடாது. இந்த விதி யாருக்குப் பொருந்தும்? தந்தையின் தோட்டமும் தாத்தாவின் வங்கிக் கணக்கும் உள்ளவனுக்குப் பொருந்தும். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவனுக்கு எப்படிப் பொருந்தும்?

அதே ஸ்டாக்ஹோம் பந்தயத்தில் நவீன பெண்டாத்லான் என்ற போட்டியும் நடந்தது. குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், வாள்வீச்சு, நீச்சல், ஓட்டம் ஆகிய ஐந்தும் சேர்ந்தது அது. பட்டாளத்து அதிகாரிகளே பெரும்பாலும் அதில் இறங்கினார்கள். பின்னாளில் பெரும் படைத்தலைவராகப் பெயரெடுத்த ஜார்ஜ் பேட்டன் அதில் ஐந்தாவதாக வந்தார். குதிரை ஏறுவதும் குறி பார்த்துச் சுடுவதும் அதிகாரியின் தொழில். அதற்கு அரசுச் சம்பளம் உண்டு. ஆனாலும் அவர் அமெச்சூர்! பேஸ்பால் ஆடி 2 டாலர் வாங்கிய அநாதை மாணவன், ஓட்டத்திலும் தாண்டுதலிலும் ஒரு காசும் வாங்காதவன், அவன் மட்டும் கூலிக்காரன்!

விதியின் உள்முகத்தை இன்னும் தெளிவாகப் பார்க்கவேண்டுமா? 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில், குதிரைகளைப் பழக்கி நடத்திக் காட்டும் டிரெஸ்ஸேஜ் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்த கெனால் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்ல, கீழ்நிலைப் படைவீரர், போட்டிக்காகத் தற்காலிகமாக அதிகாரிப் பட்டம் சூட்டப்பட்டவர் என்று கண்டுபிடித்து, 1949-இல் அணியின் தங்கத்தையே பிடுங்கினார்கள். அங்கே கூலிப் பேச்சே இல்லை. அதிகாரி ஏறினால் அமெச்சூர். சிப்பாய் ஏறினால் தகுதியில்லை. குதிரைக்குத் தெரியாத வேற்றுமை குழுவுக்குத் தெரிந்திருக்கிறது!

மீண்டும் ஜிம்மிடம் வருவோம். அவர் பெயரால் ஒரு கடிதம் எழுதப்பட்டது. தாம் ஒரு சாதாரணப் பழங்குடிப் பள்ளி மாணவர், இவற்றைப் பற்றி விவரம் அறியாதவர், மற்ற மாணவர்கள் செய்ததையே தாமும் செய்ததாகவும், அவர்களைப்போலப் பெயரை மறைத்துக்கொள்ளவில்லை என்றும் அதில் மன்றாடியிருந்தது. பள்ளித் தலைவரும், அவரால் புகழ்பெற்ற பயிற்சியாளர் வார்னரும், தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று கை கழுவினார்கள். தங்கள் பள்ளி மாணவர் மூவர் இரண்டு கோடைகளில் எங்கே போனார்கள் என்று தெரியாதாம்! நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அமெரிக்க அமெச்சூர் சங்கம் அவரை விலக்கியது. உலக ஒலிம்பிக் குழு அவர் பெயரை வெற்றிப் பட்டியலிலிருந்து அடித்தது. பதக்கங்களும் மன்னர்களின் பரிசுகளும் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பப்பட்டன. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்ட கதை நமக்குத் தெரியும். அங்கே விரலைக் கேட்டவர் வித்தை கற்றுத்தராத குரு. இங்கே, வித்தையால் விளைந்த பெருமையைப் பங்குபோட்டுக்கொண்ட பிறகு விரலை வெட்டக் கொடுத்தார்கள்.

இதில் கொடுமையிலும் கொடுமை ஒன்று உண்டு. அவர்கள் எழுதிய விதியையே அவர்கள் மீறினார்கள்! ஒரு வீரரின் தகுதி குறித்து ஆட்சேபணை இருந்தால், பந்தயம் முடிந்த 30 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது 1912 ஒலிம்பிக்கின் விதி. புகார் எழுந்ததோ ஆறு மாதம் கழித்து. விதிப்படி அந்தப் புகார் செல்லாது. ஆனால் அதைச் சொல்ல ஜிம்மின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வழக்கறிஞர் இல்லை, சங்கம் இல்லை, விதிப் புத்தகத்தைப் புரட்டிக்காட்ட ஒரு நண்பர் இல்லை.

அதன்பின் அவர் வெளிப்படையாகவே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் பேஸ்பால் ஆடினார். கேன்டன் புல்டாக்ஸ் அணியில் ஆட்டத்துக்கு 250 டாலர் பெற்றுக் கால்பந்து ஆடினார். 1920-இல் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவரே. இன்று கோடி கோடியாய்ப் பணம் புரளும் அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கழகம் அந்தச் சங்கத்தின் வளர்ச்சிதான். 1928-இல், 41 வயதில், களத்தை விட்டார்.

ஆட்டம் நின்றது, வருவாய் நின்றது. வந்தது பெரும் பொருளாதார மந்தம். 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்காக மண்வெட்டி பிடித்து மண் தோண்டினார் ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப். நாளுக்கு 4 டாலர் கூலி. மறு ஆண்டு அதே நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. உள்ளே போய்ப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்க அவரிடம் பணமில்லை. செய்தி ஏடுகளில் வந்த பிறகு, பழங்குடி வழியில் வந்தவரான துணைக் குடியரசுத் தலைவர் சார்லஸ் கர்ட்டிஸ் அவரை அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். திரண்டிருந்தோர் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். ஆரவாரம் ஓய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் பிழைப்பைத் தேடிப் போனார்.

திரைப்படங்களில் துண்டு வேடம், காவல் வேலை, கப்பல் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். 1950-இல் அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்கள், அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் அவரே என்று வாக்களித்தார்கள். 1951-இல் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்து வெளியிட்டார்கள். அதே ஆண்டு உதட்டில் புற்றுநோய் கண்டு மருத்துவமனைக்குப் போனவரை, பணம் கட்ட வழியற்ற தரும நோயாளியாகச் சேர்த்தார்கள். 1953 மார்ச் 28-இல், கலிபோர்னியாவில், வண்டி வீடு ஒன்றில் மாரடைப்பால் உயிர் பிரிந்தது.

மறைந்த பிறகும் அவருக்குச் சொந்த மண் வாய்க்கவில்லை. ஓக்லகோமாவில் அவர் இனத்தவர் இறுதிச் சடங்கு செய்துகொண்டிருந்தபோதே, மூன்றாவது மனைவி உடலை எடுத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் நலிந்துபோயிருந்த இரண்டு சிற்றூர்கள் 1954-இல் ஒன்றாகி, அவர் பெயரையே ஊர்ப்பெயராகச் சூட்டிக்கொண்டு, அங்கே அவரை அடக்கம் செய்தன. உடலைத் தங்கள் மண்ணுக்கு மீட்க மகன்கள் தொடுத்த வழக்கை 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

பதக்கம் என்ன ஆயிற்று? 1912-இல் அதே போட்டிகளில் இறங்கி ஜிம்மிடம் தோற்றவர்களில் ஒருவர் ஆவரி பிரண்டேஜ். வீட்டுமனைகளும் கட்டடங்களும் கட்டிச் செல்வரான அவர், பின்னர் அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்கும், 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் குழுவுக்கும் தலைவராக இருந்தார். அவர் நாற்காலியில் இருந்தவரை மீட்பு முயற்சி எதுவும் பலிக்கவில்லை. அவர் விலகியபின், 1973-இல் அமெரிக்க அமெச்சூர் சங்கம் ஜிம்மின் தகுதியைத் திருப்பியளித்தது. ஜிம்மின் வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் அவர் துணைவியார் புளோரன்ஸ் ரிட்லனும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தேடி, 1912-ஆம் ஆண்டு விதிப் புத்தகத்தைக் கண்டெடுத்தார்கள். 30 நாள் விதி வெளிச்சத்துக்கு வந்தது. 1982-இல் உலகக் குழு இறங்கிவந்தது; ஆனால் முழுமனத்தோடு அல்ல. ஜிம்மையும் இரண்டாவதாக வந்தவர்களையும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்து, 1983-இல் பதக்கங்களின் நகல்களை அவர் பிள்ளைகளிடம் கொடுத்தது. 700 புள்ளி முந்தியவரும் பிந்தியவரும் சமமாம்!

2022 ஜூலையில்தான் கணக்கு நேரானது. இரண்டு போட்டிகளுக்கும் ஜிம் தோர்ப் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். சுவீடனும் நார்வேயும் மனமுவந்து இசைந்தன. தங்கத்துக்கு உரியவர் ஜிம் ஒருவரே என்றே வீஸ்லாண்டர் கடைசிவரை கருதினார் என்று அவர் குடும்பத்தார் தெரிவித்தார்கள். களத்தில் தோற்றவருக்கு இருந்த நேர்மை, களத்துக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களுக்கு இல்லை.

அமெச்சூர் விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது மெல்ல மெல்லக் கரைந்தது. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் இறங்கித் தங்கம் வென்றார்கள். யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. உழைத்தவன் கூலி பெறுவது எந்தக் களத்திலும் தவறல்ல.

ஜிம் தோர்ப்பைத் தோற்கடிக்க ஸ்டாக்ஹோமில் ஒருவராலும் முடியவில்லை. அவரைத் தோற்கடித்தது ஒரு தாளில் எழுதிய விதி; அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியதும் அதே தாளில் எழுதியிருந்த இன்னொரு விதி. அதைப் படித்துக்காட்ட ஆளில்லாமல் போனதால் ஒரு மனிதரின் ஆயுள் முழுவதும் அநீதியில் கழிந்தது. ஆலையிலும் பணிமனையிலும் தோட்டத்திலும் நம்மைக் கட்டும் விதிகள் அனைத்தும் பிறர் எழுதியவைதாம். எழுதியவர்கள் தங்களுக்கு வேண்டிய வரியை மட்டுமே உரக்கப் படிப்பார்கள். மிச்ச வரிகளைப் படிக்கவேண்டியது நம் பொறுப்பு. வேலை நீக்கத் தாள் கைக்கு வந்த அன்றே, அதில் எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். பார்க்கத் தெரியாத தோழருக்குப் படித்துச் சொல்லுங்கள். சங்கத்தின் அலமாரியில் விதிப் புத்தகம் இருக்கட்டும். தூசு படியாமல் இருக்கட்டும்.